வெர்ஷன் எட்டு

அண்ணாச்சியை வேலையை விட்டு அனுப்பிய மறுநாள், அவர் செய்துகொண்டிருந்த ஷாட்டுகளை எனக்குத் தந்தார்கள்.

அண்ணாச்சி என்பது நான் கூப்பிட்ட பெயர். எனக்குப் பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். மூத்த ஆண் யாராக இருந்தாலும் அப்படித்தான் வாயில் வரும். அவருக்கோ செகந்திராபாத்தை விட்டால் வேறு ஊர் கிடையாது. தாத்தாவுக்கும் முந்தைய தலைமுறையே இங்கே வந்துவிட்டதாம். முதல் தடவை நான் அப்படிக் கூப்பிட்டபோது, "கைக்கு ம்மா? நான் என்ன மளிகைக் கடையா வெச்சிருக்கேன்?" என்று சிரித்தார். ஏன் என்பதற்குக் 'கைக்கு', வேண்டாம் என்பதற்கு 'நக்கோ', ஆமாம் என்பதற்கு 'ஹவ்' என்று அவர் தமிழில் ஹைதராபாத் உருது கலந்திருக்கும். ஸ்டுடியோவில் தமிழ் பேசுகிறவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். அதனால் அந்தப் பெயர் அப்படியே நின்றுவிட்டது.

எங்கள் ஸ்டுடியோ சனத்நகர் தொழிற்பேட்டைக்குள், ஒரு பட்டறைக்கு மேல்மாடியில் இருக்கிறது. கீழே இரும்பு அறுக்கும்போது எங்கள் மேசையில் டீ நடுங்கும். நாங்கள் செய்வது காம்பாசிட்டிங். பச்சைத் துணிக்கு முன்னால் நடித்தவர்களை வேறெங்கோ எடுத்த மலையோடும் மழையோடும் சேர்த்து, எல்லாம் ஒரே இடத்தில் நடந்ததாக நம்ப வைக்கிற வேலை. சேர்த்து முடித்ததும் அதை வெளியே எடுக்க வேண்டும், அதற்குப் பெயர் ரெண்டர். அதை ஒரே வீடியோவாக எடுப்பதில்லை. ஒவ்வொரு ஃப்ரேமையும் தனிப் படமாக, ஒவ்வொன்றுக்கும் வரிசை எண் போட்டு, ஒரு ஃபோல்டருக்குள் எழுதச் சொல்வோம். நடுவில் கரண்ட் போனாலும் கம்ப்யூட்டர் படுத்தாலும் அதுவரை எழுதிய படங்கள் தப்பித்துவிடும். விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

அந்த வெளியீட்டு செட்டிங்குகள்தான் எனக்கு எப்போதும் பயம் தருபவை. எந்த ஃபோல்டர், என்ன பெயர், எண் எத்தனை இலக்கம், எந்த வகை ஃபைல், நிறத்தை எந்தக் கணக்கில் எழுதுவது, எந்த ஃப்ரேமில் தொடங்கி எதில் முடிப்பது. ஒன்று பிசகினால் படம் வெளுத்துப்போகும். இல்லையென்றால் வேறொருவரின் ஷாட் மேலேயே போய் உட்காரும். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிறவர்கள் உண்டே, நான் அந்த ரகம். ரெண்டர் பட்டனை அழுத்துவதற்கு முன் ஒவ்வொரு கட்டத்தையும் விரல் வைத்து வாய்க்குள் படிப்பேன். அண்ணாச்சி எட்டிப் பார்த்து, "என்ன, விஷ்ணு சகஸ்ரநாமமா?" என்பார்.

அவரை அனுப்பினதற்குச் சொன்ன காரணம், வேலையில் வேகம் இல்லை என்பது. அது பொய்யும் இல்லை. கேட்காததையெல்லாம் செய்வார். தூரத்தில் போகும் லாரிக்குத் தூசி எழுப்புவார். யார் கண்ணிலும் படாத சுவர் மூலையில் நிழலை இன்னும் கொஞ்சம் அடர்த்தியாக்குவார். அனுப்பிய அன்று காலை முதலாளியின் அறைக்குள் கூப்பிட்டுப் பேசினார்கள். வெளியே வந்து தண்ணீர் பாட்டிலையும் குடையையும் எடுத்துக்கொண்டார். என் மேசைப் பக்கம் வந்து, "சரி ம்மா, பார்த்துக்கோ" என்றார். நான் எழுந்து நிற்பதற்குள் மாடிப்படி இறங்கிவிட்டார்.

அன்றைக்கு வீட்டில் சோறு இறங்கவில்லை. என் கணவர் பாலாநகரில் விமானக் கருவிகள் செய்யும் மத்திய அரசுத் தொழிற்சாலையில் இருக்கிறார். "ஒருத்தரை எப்படி ஒரே நாள்ல போகச் சொல்லுவாங்க? நோட்டீஸ் கிடையாதா?" என்று அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். நாளைக்கு வர வேண்டாம் என்று சொல்கிற இடமும் உலகத்தில் உண்டு என்பது அவருக்குப் பிடிபடவே இல்லை. எனக்கு ஒரே ஒரு யோசனைதான் ஓடியது. அடுத்தது யார்?

என்னிடம் வந்த ஷாட்டுகளில் ஒன்று ஒரு வெப் தொடரின் பஸ் காட்சி. ஜன்னலோரம் கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு நடுவயதுப் பெண் உட்கார்ந்திருக்கிறாள். அவள் ஊரைவிட்டே போகிறாள். ஜன்னலுக்கு வெளியே படப்பிடிப்பில் பச்சைத் துணி. அதை எடுத்துவிட்டு மலைக்காடு ஓட வேண்டும். அண்ணாச்சி ஏழு வெர்ஷன் முடித்திருந்தார். ஒரு வாரம் கழித்து நான் ஏழைத் திறந்து, எட்டு என்று சேமித்து, மீதியிருந்த திருத்தங்களைச் செய்தேன். எங்கள் மென்பொருளில் ஒரு வசதி உண்டு. ஃபைலின் பெயரில் எட்டு என்று இருந்தால், படங்கள் எழுதப்படும் ஃபோல்டரும் தானாகவே எட்டு ஆகிவிடும். கையால் தட்டச்சு செய்தால் தவறு வரும் என்பதற்காக இந்த ஏற்பாடு. நான் வழக்கம்போல் விரல் வைத்துப் படித்தேன். எல்லாம் சரியாக இருந்தது. ரெண்டர் போட்டேன்.

ஓட்டிப் பார்த்தபோது படம் சிமிட்டியது.

சீராக ஓடிக்கொண்டிருக்கிற படம், கொஞ்சம் இடைவெளி விட்டு விட்டு ஒரு கணம் துள்ளித் திரும்பியது. கண்ணில் தூசி விழுந்தால் வருமே, அந்த மாதிரி ஒரு உறுத்தல். முதலில் என் கண்ணையே சந்தேகப்பட்டேன். நிறுத்தி ஒவ்வொரு ஃப்ரேமாக நகர்த்தினேன். பத்துக்கு ஒரு ஃப்ரேம் மட்டும் மற்றவற்றோடு சேராமல், நிறத்தில் ஒரு சாயல் மாறி நின்றது.

மேற்பார்வையாளர் பின்னால் வந்து நின்றார். விஜயவாடாக்காரர், தெலுங்கில்தான் பேசுவார், நாங்களும் தெலுங்கில் பதில் சொல்வோம்.

"என்ன ஆச்சு?"

"தெரியலை சார். ஏதோ பழைய ஃப்ரேம் கலந்திருக்கு போல."

"ஏற்கெனவே இருக்கிற ஃப்ரேமைத் தாண்டிப் போ என்கிற டிக் போட்டிருக்கியா?"

போட்டிருந்தேன். எங்கள் ஸ்டுடியோவில் எல்லோரும் போடுவோம். அடிக்கடி கரண்ட் போகும் இடம் என்பதால், எழுதி முடித்த படங்களைத் தாண்டி மிச்சத்தை மட்டும் எழுதச் சொல்கிற செட்டிங் அது. ஆனால் புத்தம்புது வெர்ஷன் எட்டில் தாண்டிப்போவதற்குப் பழைய படம் எங்கிருந்து வரும்?

"டிக்கை எடுத்துட்டு முழுசா ஒரு தடவை எழுது. மத்தியானம் கிளையன்ட் பார்க்கிறாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் குரலில் கோபம் இல்லை. அதுவே எனக்குப் பயமாக இருந்தது. அண்ணாச்சியிடமும் கடைசி வாரங்களில் அவர் கோபமே படவில்லை.

முழுசாக எழுதினேன். சுத்தமாக ஓடியது. மூன்று முறை ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தேன்.

மத்தியானம் மும்பையிலிருந்து கிளையன்ட் இணைப்பில் வந்தார்கள். மேற்பார்வையாளர் ஷாட்டை ஓட்டினார். பஸ் போகிறது, காடு ஓடுகிறது, அந்தப் பெண் லேசாகத் தலையைத் திருப்புகிறாள். படம் சிமிட்டியது.

மறுபடியும் அதே சிமிட்டல், அதே பத்துக்கு ஒன்று.

"அதென்ன பாப் ஆகுது?" என்று ஒரு பெண் குரல் கேட்டது. மேற்பார்வையாளர் சிரித்த முகத்தோடு ரெண்டரில் ஏதோ கோளாறு என்றும் நாளைக் காலைக்குள் சரியான படம் வந்துவிடும் என்றும் சொன்னார். இணைப்பைத் துண்டித்ததும் என் பக்கம் திரும்பினார்.

"காலையில சரியா இருந்துதுன்னு சொன்னியே?"

"இருந்துது சார். சத்தியமா இருந்துது."

"அப்போ இங்க யாரோ கை வைக்கிறாங்க. சிஸ்டம்ஸ் ஆளைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்றேன். ஆனா அவன் இன்னிக்கு வெளியே போயிருக்கான். வரட்டும்."

என் இடத்துக்கு வந்து உட்கார்ந்தேன்.  யாரோ கை வைக்கிறார்கள் என்றால் முதலில் சந்தேகம் வருவது அந்த ஷாட்டை வைத்திருக்கிறவள் மேல்தான். சிமிட்டிய ஃப்ரேம்களில் ஒன்றைத் திறந்து, என்னுடையதைப் பக்கத்தில் வைத்து, பெரிதாக்கிப் பார்த்தேன். மலை அதே மலைதான், காடும் அதேதான். பஸ் ஜன்னலின் துரு கூட மாறவில்லை. அப்புறம் அந்தப் பெண்ணின் கறுப்புக் கண்ணாடி கண்ணில் பட்டது.

என்னுடைய படத்தில் கண்ணாடி வெறும் கறுப்பு. பச்சைத் துணியின் பிரதிபலிப்பு தெரியாமலிருக்க அதை இருட்டாக்கியிருந்தேன். எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். அந்த இன்னொரு ஃப்ரேமில், இரண்டு கண்ணாடி வட்டங்களிலும் மரங்கள் இருந்தன. வளைந்து, சிறுத்து, தலைக்கு மேலே ஒரு கீற்று வானத்தோடு. அடுத்த பத்தாவது ஃப்ரேமுக்குப் போனேன். மரங்கள் நகர்ந்திருந்தன. அவள் போகிற ஊர்வழி முழுக்க அவள் கண்ணுக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்தது.

இதை யாரும் கேட்கவில்லை. இதைச் செய்கிற ஆள் எனக்குத் தெரிந்து ஒருவர்தான்.

போனை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனேன். ஊரடங்குக் காலத்தில் எங்கள் எல்லோருக்கும் வீட்டிலிருந்தே ஸ்டுடியோ கம்ப்யூட்டருக்குள் நுழைய வழி செய்து கொடுத்திருந்தார்கள். அவரை அனுப்பியவர்கள் அந்த வழியை அடைக்க மறந்திருக்க வேண்டும். வெளியாள் ஒருவர் நுழைந்திருக்கிறார் என்று கிளையன்ட் காதுக்குப் போனால், ஒப்பந்தப்படி தொடரே கைவிட்டுப் போகும். அவர் மேல் போலீஸ் வரைக்கும் போகலாம். அதற்கப்புறம் இந்த ஊரில் எந்த ஸ்டுடியோ அவரைச் சேர்க்கும்? தண்ணீர்த் தொட்டி நிழலில் நின்று அவர் எண்ணை அழுத்தினேன்.

"சொல்லு ம்மா" என்றார். குரல் உற்சாகமாகவே இருந்தது.

"அண்ணாச்சி, நீங்க நம்ம சிஸ்டத்துக்குள்ள வந்தியளா?"

 பின்னால் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது.

"கைக்கு கேக்கறே?"

"பஸ் ஷாட்டுல உங்க ஃப்ரேம் இருக்கு. கண்ணாடில மரம் போட்டிருக்கிய. கிளையன்ட் முன்னாடி படம் சிமிட்டுது."

"என் ஃப்ரேமா? அதெப்படி? நான் ஃபைலை என் சொந்த ஃபோல்டர்லதானே வெச்சிருக்கேன்! யாருக்கும் தெரியக் கூடாதுன்னு ஏழைத் திறந்து எட்டுன்னு தனியா..." அவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். எட்டு என்று சொன்னதுமே அவருக்குப் புரிந்துவிட்டது.

நானும் ஏழைத் திறந்து எட்டு என்று வைத்தேன். அவரும் அப்படியே வைத்திருக்கிறார். ஃபைல்தான் அவர் ஃபோல்டரில் இருந்தது. படங்களை எழுதும் இடம் அவரைக் கேட்காமல் தானாகவே பொது ஃபோல்டரில் எட்டாம் எண்ணுக்குப் போயிருக்கிறது. சரிபார்ப்பதற்காக அவர் அந்த டிக்கை எடுத்துவிட்டு, பத்துக்கு ஒரு ஃப்ரேம் எழுதிப் பார்ப்பார். முதல் தடவை நான் அவற்றைத் தாண்டி எழுதினேன். இரண்டாம் தடவை நான் சாப்பிடப் போனபோது அவர் என் படங்களுக்கு மேலேயே எழுதியிருக்கிறார். எங்கள் இருவருக்கும் தெரியாமல், ஒரே ஷாட்டை இரண்டு பேரும் செய்துகொண்டிருந்தோம்.

"எதுக்கு அண்ணாச்சி இது?"

"லாகின் வேலை செய்யுதான்னு பார்த்தேன் ம்மா. செஞ்சுது. உள்ள போனேன். அந்தக் கண்ணாடி மனசுலயே நின்னுபோச்சு. வேற ஒண்ணும் இல்ல."

"சிஸ்டம்ஸ் ஆளை வரச் சொல்லியிருக்கு. யார்னு கண்டுபிடிச்சிருவாங்க. இப்பமே வெளிய வாங்க. நான் எல்லாத்தையும் வெர்ஷன் ஒன்பதுன்னு மாத்திப் புது ஃபோல்டர்ல போட்டுருதேன். எட்டை அழிச்சிட்டா முடிஞ்சுது."

அந்த யோசனை எனக்கு எப்படித் தோன்றியதென்று தெரியவில்லை. வாயிலிருந்து வந்த பிறகு, அதுதான் ஒரே வழி என்று பட்டது. ஆனால் அவர் ஒப்புக்கொள்ளவில்லை.

"நக்கோ ம்மா. அவன் வந்து பார்த்தா, அழிச்சது நீன்னு வரும். உன் வேலையும் போயிடும். நீ ஒண்ணும் பண்ணாதே. நான் அங்க வர்றேன்."

"இங்கயா? எதுக்கு?"

"எதுக்குன்னா? சொல்றதுக்குத்தான்."

அவர் வீடு இருக்கும் மல்காஜ்கிரியிலிருந்து சனத்நகருக்கு வர நேரம் ஆகும். அந்த நேரம் முழுக்க நான் எதையும் தொடாமல், ஏதோ செய்வதுபோல் மவுஸை நகர்த்திக்கொண்டிருந்தேன். மேற்பார்வையாளர் இரண்டு முறை பார்த்துவிட்டுப் போனார். அவரிடம் இப்போதே சொல்லிவிடலாமா என்று எழுந்தேன், உட்கார்ந்தேன். தானாகவே சொல்ல வருகிற அண்ணாச்சியை நான் காட்டிக்கொடுத்த மாதிரி ஆகிவிடுமே. ஆனால் அவர் வராமலே போனால்? பயத்தில் வேறெங்காவது போய்விட்டால்? ஒவ்வொரு ஆட்டோ சத்தத்துக்கும் ஜன்னல் பக்கம் தலை திரும்பியது.

கேட்டில் காவலாளியின் குரல் உயர்ந்தபோது தெரிந்தது. எட்டிப் பார்த்தேன். அண்ணாச்சி வெளியே நின்றார். அடையாள அட்டை இல்லாமல் உள்ளே விடமாட்டேன் என்று காவலாளி சொல்கிறார். போன வாரம்வரை வணக்கம் வைத்த ஆள்தான். நான் ஓடிப்போய் மேற்பார்வையாளரிடம், "சார், அண்ணாச்சி வந்திருக்கார். உங்ககிட்டே பேசணுமாம்" என்றேன். ஒரு கணம் என்னை உற்றுப் பார்த்தார். கேள்வி எதுவும் கேட்காமல் இறங்கினார். நானும் பின்னாலேயே போனேன்.

கேட்டுக்கு வெளியே, வேப்பமரத்தடியில் நின்று பேசினார்கள். பட்டறையில் அறுக்கிற சத்தம் நிற்கும்வரை காத்திருந்து அண்ணாச்சி எல்லாவற்றையும் தெலுங்கில் சொன்னார். லாகின் திறந்திருந்தது, போனேன், செய்தேன், எழுதுகிற இடத்தைப் பார்க்கவில்லை. இந்தப் பெண்ணுக்கு இதில் சம்பந்தம் இல்லை.

மேற்பார்வையாளர், "உனக்குப் பைத்தியமா? இது வெளியே தெரிஞ்சா என்ன ஆகும்னு தெரியுமா? நாப்பது பேர் இருக்கோம் மேல!" என்று கத்தினார். டீ வண்டிக்காரர் திரும்பிப் பார்த்தார். அண்ணாச்சி தலையைக் குனிந்துகொண்டு நின்றார். 

கத்தி ஓய்ந்த பிறகு மேற்பார்வையாளர் நெற்றியைத் துடைத்தார். "இத்தனை நாளா லாகின் எப்படித் திறந்திருந்துது?" என்று கேட்டார். எங்களைக் கேட்டதாகத் தோன்றவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னார்: "மூடச் சொல்லி மெயில் அனுப்ப வேண்டியது நான்தான்."

 அவர் கண்ணிலும் பயத்தைப் பார்த்தேன். அதுவரை பயப்படுகிறவள் நான் ஒருத்திதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"அந்தக் கண்ணாடி நல்லா இருக்கு சார்" என்றேன். ஏன் சொன்னேனோ.

"பார்த்தேன்" என்றார். "அனுப்ப முடியாது. வெளியாள் செஞ்சது. ஒரு ஃப்ரேம் கூட வைக்கக் கூடாது." அண்ணாச்சியைப் பார்த்து, "நீயே சொல்லு, முடியுமா?" என்றார்.

"முடியாது" என்றார் அண்ணாச்சி.

மேற்பார்வையாளர் மேலே போய் முதலாளியிடம் நடந்ததைச் சொன்னார், தன் தவறையும் சேர்த்து. நெடுநேரம் அவர் கீழே வரவில்லை. நாங்கள் இருவரும் வண்டியில் டீ வாங்கிக் குடிக்காமல் வைத்துக்கொண்டிருந்தோம். இறங்கி வந்தவர் சொன்னார்: லாகின் எல்லாம் இன்றைக்கே மாறுகிறது, படம் எதுவும் வெளியே போகவில்லை என்பதால் போலீஸ் வேண்டாம் என்று முதலாளி விட்டுவிட்டார், கிளையன்ட்டிடம் பழைய ஆளின் ஃப்ரேம்கள் கலந்துவிட்டன, அழித்துவிட்டோம் என்று முதலாளியே பேசிவிட்டார். அவர்கள் கேள்வி மேல் கேள்வி கேட்டார்களாம். கடைசியில் சரி என்றார்களாம். அண்ணாச்சி டீயைக் கீழே வைத்தார். வேப்பமரத்தில் சாய்ந்துகொண்டார்.

நான் வெர்ஷன் ஒன்பது என்று புது ஃபோல்டரில் எழுதினேன். வெறும் கறுப்புக் கண்ணாடியோடு. எட்டை நானேதான் அழித்தேன். அழிப்பதற்கு முன் அந்த மரங்களை ஒருமுறை பார்த்துக்கொண்டேன், வேறென்ன செய்ய? கிளையன்ட் ஒரு குறையும் சொல்லாமல் ஒப்புக்கொண்டார்கள். தொடர் வெளிவந்தபோது வீட்டில் எல்லோரும் பார்த்தோம். பஸ் காட்சி மூச்சு விடுவதற்குள் போய்விட்டது. மகள் தெலுங்கில், "இதில் நீ என்னம்மா செய்தாய்? சும்மா பஸ்தானே போகிறது?" என்றாள். காடு என்றேன். அவள் நம்பவில்லை. அதுவே எங்கள் வேலைக்குப் பாராட்டு என்று கணவர் சொன்னார்.

எட்டை அழித்ததற்கு அடுத்த வாரம் முழுக்க என்னையும் அறைக்குள் கூப்பிடுவார்கள் என்று எதிர்பார்த்தேன். யாரும் கூப்பிடவில்லை. அது எனக்கு நிம்மதி தரவில்லை. யாராவது என் பெயரைச் சொன்னாலே இன்னும் அந்த அறைக்கதவைத்தான் முதலில் பார்க்கிறேன்.

மழைக்காலம் முடிகிற நேரத்தில் மல்காஜ்கிரி மார்க்கெட்டில் அண்ணாச்சியைப் பார்த்தேன். மனைவியோடு வந்திருந்தார். வீடு கட்டுகிறவர்களுக்கு, கட்டி முடித்தால் எப்படி இருக்கும் என்று படம் செய்து தருகிற ஒரு சின்னக் கம்பெனியில் சேர்ந்திருந்தார். சம்பளம் குறைவாம், ஆனால் சாயங்காலமே வீட்டுக்கு வந்துவிடுகிறாராம். அவர் கத்திரிக்காய் பொறுக்கப் போனதும் மனைவி என் பக்கம் நெருங்கி வந்தார்.

"நீங்கதானே அன்னிக்கு ஃபோன் பண்ணது?"

நான் தயங்கித் தலையாட்டினேன். திட்டுவார் என்று நினைத்தேன்.

"கதவைச் சாத்திட்டு நாள் பூரா உள்ளயே இருப்பாரு. வேலை தேடறாருன்னு நாங்க சத்தம் போடாம நடப்போம். பசங்க டிவி கூட வெக்க மாட்டாங்க. பார்த்தா உங்க ஸ்டுடியோ உள்ளயேதான் உக்காந்து இருந்திருக்காரு." பையை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றிக்கொண்டார். "ஃபோன் வந்ததும் சட்டை மாத்திட்டு வெளியே வந்தாரு பாருங்க, அப்பதான் எனக்குச் சொன்னாரு. நானும் வர்றேன்னேன். வேணாம்னுட்டாரு. திரும்பி வர்ற வரைக்கும் நான் பால்கனியிலயே நின்னேன்."

அண்ணாச்சி கத்திரிக்காயோடு திரும்பி வந்தார். "என்ன பேச்சு ரெண்டு பேரும்?" என்றார்.

"ஒண்ணும் இல்ல" என்றார் அவர் மனைவி. "இவங்களை ஞாயித்துக்கிழமை சாப்பிடக் கூப்பிடறேன்."

"ஹவ், கூப்பிடு" என்றார் அண்ணாச்சி. "வீட்டுக்காரரையும் பொண்ணையும் கூட்டிட்டு வா ம்மா."

வருகிறோம் என்றேன். மழை தூறத் தொடங்கியதால் மூன்று பேரும் ஆளுக்கொரு பக்கம் ஒதுங்க இடம் பார்த்தோம்.